தோர்த்துக்கு அடியில் ஒரு விரல்

என் கணவர் வாயால் சொன்ன எந்த எண்ணும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் ஒரு மணி நேரம். நாலு தோசை போதும் என்றால் ஏழு. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவிடம் தன் வயதைக்கூட ஒன்றரை வருஷம் குறைத்துத்தான் சொன்னார். பொய் சொல்லும் மனிதர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். தொழில் அப்படி.

மட்டாஞ்சேரி கடைவீதியில் முப்பத்தைந்து வருஷம் மிளகுக்கும் சுக்குக்கும் தரகராக இருந்தவர் அவர். விற்கிறவரும் வாங்குகிறவரும் அவர் மூலமாகத்தான் பேசுவார்கள். பண்டகசாலை வாசலில் நாலு பேர் நிற்கும்போது வாயால் சொல்வதெல்லாம் அந்த நாலு பேருக்காக. உண்மையான விலை பேசவேண்டும் என்றால் தோளில் கிடக்கும் தோர்த்தை எடுத்து விரிப்பார். தோர்த்து என்பது எங்கள் ஊர்த் துண்டு. மெல்லிசாக, வெள்ளையாக இருக்கும், உதறினால் காய்ந்துவிடும். அதற்கு அடியில் இருவரும் கையை விட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் நகத்தால் சுரண்டினால் அரை. பேச்சு படிந்துவிட்டால் தோர்த்து தோளுக்குத் திரும்பும். அது கைமேல் கிடக்கிறவரை கச்சவடம், அதாவது வியாபாரம், முடியவில்லை என்று அர்த்தம், அப்போது நடுவில் யாரும் வந்து பேசக்கூடாது. இதில் ஒரே ஒரு சட்டம்தான். வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தோர்த்துக்கு அடியில் பொய் ஆகாது.

இதை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எர்ணாகுளம் போகும் படகில். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளுருத்தியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். படகு நிறைய தெரிந்த முகங்கள். புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மறுநாள் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் காலம். அவர் மடியில் தோர்த்தை விரித்து, "கையைக் குடு, கச்சவடம் சொல்லித் தரேன்" என்றார். நானும் ரொம்ப சிரத்தையாகப் பாடம் படித்தேன். அக்கரை வரும்வரை சுக்கு விலை பேசினோம். எனக்கு அந்த வித்தை முதல் பத்து நிமிஷத்திலேயே வந்துவிட்டது. வராத மாதிரி நடித்தேன். அவருக்கும் அது தெரியும் என்று பல வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். அதற்கு முந்தைய நாலு வருஷத்தைத்தான் எழுதப்போகிறேன். கஷ்டமான வருஷங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்போது என்னிடம் யாராவது வந்து எந்த வருஷம் திரும்ப வேண்டும் என்று கேட்டால், கல்யாணமான வருஷத்தைக் கேட்க மாட்டேன், இதைத்தான் கேட்பேன். பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் சிறுநீரில் ரத்தம். மூன்று நாளாக என்றார். அவர் மூன்று என்றால் மூன்று வாரம் என்று எனக்குத் தெரியாதா. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். "ஒண்ணு போனா என்ன, சாரமில்லை, இன்னொண்ணு இருக்கோல்லியோ" என்றார். சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். மலையாளத்திலிருந்து எங்கள் பாஷைக்கு வந்து, அவர் வாயில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட வார்த்தை. ஆறு மாதம் நன்றாகவே இருந்தார். அப்புறம் ஒரு வறட்டு இருமல் வந்து போகாமல் நின்றது. படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது.

எங்களுக்கு வாய்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண். ஆலுவாக்காரி. எங்கள் மகளைவிட இரண்டு வயது சின்னவள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். இதை அடியோடு போக்க முடியாது, அடக்கி வைக்கலாம். இந்த நோய் தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு வளர்கிறது. அந்த வழியை மட்டும் குறிபார்த்து அடைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று கொஞ்ச காலம் வேலை செய்யும், பிறகு நோய் அதைத் தாண்டிப் போக வழி கண்டுபிடித்துக்கொள்ளும். அப்போது வேறொன்றுக்கு மாறவேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் ஊசி மருந்தும் உண்டு, ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சொரியாசிஸ் இருந்ததால் அது மோசமாகிவிடலாம் என்று அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றாள்.

நான் கணக்கு டீச்சர் அல்லவா, "மாற்றி மாற்றிக் கொடுக்க எத்தனை மருந்து இருக்கு?" என்று கேட்டேன். அது ஆளைப் பொறுத்தது என்றாள். நான் கேட்டது தப்பு. அவர் காதில் அந்தக் கேள்வி மட்டும்தான் விழுந்தது. இருப்பு கொஞ்சம்தான், அதை வீணாக்கக் கூடாது, இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வாயைத் திறந்தால் அதைப் பிடுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சு எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

முதல் மருந்து நாலு வாரம் தினம் ஒரு காப்ஸ்யூல், பிறகு இரண்டு வாரம் ஒன்றும் கிடையாது. மறுபடி நாலு வாரம். மூன்றாவது வாரம் வந்தால் வாயெல்லாம் புண். உள்ளங்கால் சிவந்து எரியும். மிளகை ஒரு கடி கடித்து எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்கிற மனிதருக்கு, சாம்பார், பால், பாயசம் எல்லாம் ஒரே மாதிரி மண்ணாக இருந்தது. தோல் மஞ்சளாகிவிட்டது. தெருவில் மஞ்சள் காமாலையா என்று கேட்டவர்களிடம், "இல்லை, மிளகை விட்டுட்டு மஞ்சள் கச்சவடத்துல இறங்கியாச்சு" என்று சொல்லிக்கொண்டு போவார். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்.

தலைமுடியில் நடந்ததுதான் வேடிக்கை. அறுபத்து மூன்று வயதிலும் அவருக்குக் கருகருவென்று முடி. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. மருந்து சாப்பிடுகிற நாலு வாரம் வளர்கிற முடி வெள்ளையாக வரும். நிறுத்துகிற இரண்டு வாரம் கறுப்பாக வரும். கொஞ்ச மாதத்தில் ஒவ்வொரு முடியும் கோடு போட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய் தேய்த்துவிடும்போது ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, எத்தனை சுற்று முடிந்தது என்று நான் எண்ணிச் சொல்வேன். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைத் தலையில் எழுதிக்கொண்டு திரிந்த மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த இரண்டு வார லீவு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கில் ஊறுகிறது. காலண்டரில் அந்தப் பதினாலு நாளுக்கும் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு லீவின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் நாலைந்து நாள் ஒன்றும் இருக்காது, தூங்குவார். பிறகு ஒரு நாள் காலையில் சமையலறைக்கு வந்து, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். நான் கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ம்ஹூம்" என்றால் இன்னும் ஒரு நாள் காத்திருக்கவேண்டும். "வந்துடுத்து" என்றால் அன்றைக்குப் பண்டிகை. மொளகூஷ்யம், புளிங்கறி, இஞ்சித் தயிர், கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்ச் சம்மந்தித் துவையல் என்று லிஸ்ட் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்வேன். முணுமுணுக்காமல் செய்தால் அவருக்குப் பயம் வந்துவிடும்.

லீவில் ஊர் சுற்றினோம். முப்பத்தைந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூடப் பண்டகசாலைப் பக்கம் போய் மூக்கை நீட்டிவிட்டு வந்தவர், இப்போதுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆலுவாவில் பெரியாற்றுப் படியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எரிகிற உள்ளங்காலுக்கு அந்தத் தண்ணீர் எந்தக் களிம்பையும்விட நன்றாக இருந்தது. கும்பளங்கியில் சீனவலை தூக்குவதை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தோம். வீட்டில் மீன் வாசனையே ஆகாத மனிதர், ஒவ்வொரு முறை வலை மேலே வரும்போதும் எழுந்து எட்டிப் பார்த்து, "கொறச்சல்தான்" என்று எனக்கு நிலவரம் சொன்னார். அவ்வளவு நேரம் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்தது கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான். நோய் வந்துதான் அதைக் கொடுத்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு ஸ்கேனில் புள்ளிகள் பெரிதாகியிருந்தன. முதல் மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது, மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னாள். புதிய மாத்திரை காலையும் மாலையும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இதுக்கு லீவு உண்டோ?" என்றார். இதுக்கு லீவு கிடையாது அங்கிள், தினமும் சாப்பிடணும் என்றாள். ஸ்கேன் முடிவைச் சொன்னபோதுகூட மாறாத அவர் முகம் அதற்கு வாடியது. வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. காலண்டரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

இரண்டாவது மருந்தில் நாக்கு திரும்பி வந்தது, முடி மறுபடி கறுத்தது, தோலின் மஞ்சள் நீங்கியது. பதிலுக்குக் குரல் போயிற்று. கரகரவென்று யாரோ பேசுவதுபோல இருந்தது. புனேயிலிருந்து எங்கள் மகள் போன் செய்தபோது, "அம்மா, ஆத்துல யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். ரத்த அழுத்தமும் ஏறியது. தினம் காலையில் மிஷினைக் கையில் கட்டிப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். அவர் வாயால் சொல்வதை எழுத நான் தயாராக இல்லை. மிஷின் தரகர் அல்ல, அதையே நேராகப் பார்த்து எழுதினேன்.

மிஷின் காட்டாத விஷயங்களும் உண்டு. மாதம் ஒரு முறை டாக்டர் கேட்பாள். வயிற்றுப்போக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை? "ரெண்டு." வலி பத்துக்கு எத்தனை? "ரெண்டு." அவள் அறைச் சுவரில் வரிசையாகச் சின்ன முகங்கள் வரைந்த படம் ஒன்று இருந்தது, சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் எப்போதும் சிரிக்கிற முகத்துக்கு அடுத்ததைக் காட்டுவார். சுற்றிலும் நர்ஸ், கையில் ஃபைலோடு இன்னொரு டாக்டர், வாசலில் அடுத்த நோயாளி. நாலு பேர் நிற்கிற இடம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு எத்தனை நேரம் இருக்கிறார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் டாக்டர் முன்னால் அவரைப் பொய்யர் ஆக்க மனசு வரவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஒரு காலை நேரம், ஆஸ்பத்திரிக்குப் போகப் படகுக்கு நிற்கும்போது, அப்படியே சரிந்துவிட்டார். நல்லவேளை தண்ணீர்ப் பக்கம் விழவில்லை. ஆட்டோவில் போட்டுத் தோப்பும்படிப் பாலம் வழியாகக் கொண்டுபோனேன். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, இருக்கிற ஒற்றைச் சிறுநீரகமும் திணறுகிறது என்றார்கள். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று, மாதா மாதம் கேட்கிற வயிற்றுப்போக்குக் கேள்வியையே கேட்டாள்.

"அங்கிளே, வயறிளக்கம் எத்ர தவண?"

"ரெண்டு. சாரமில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் தோளில் கிடந்த தோர்த்தை உருவினேன். ட்ரிப்ஸ் ஏறாத கையின்மேல் விரித்து, அடியில் என் கையை விட்டேன். டாக்டர் என்ன நினைத்துக்கொண்டால் எனக்கென்ன.

"ஏன்னா, இப்போ சொல்லுங்கோ" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கை முழுவதையும் பிடித்தார். ஐந்து. விட்டார். நான் முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி நாலு விரலைப் பிடித்தார்.

"ஒன்பது தடவை, டாக்டர்" என்றேன். "வலியும் கேட்கணுமா?"

அவள் தலையை ஆட்டினாள். கேட்டேன். ஐந்து, பிறகு இரண்டு, உள்ளங்கையில் ஒரு சுரண்டல். ஏழரை. அந்த அரையைக்கூட விடாமல் சொன்ன நேர்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் ஆத்திரமும் வருகிறது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அப்போதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. "சொன்னா நீங்க மருந்தை மாத்திடுவேள். இருக்கறதே கொஞ்சம். இதையும் தொலைச்சுட்டா?" என்று கரகரத்த குரலில் சொன்னார்.

அவளுக்கு எங்கள் தமிழ் பாதி புரியும், மீதியை நான் சொன்னேன். அவள் சொன்னதன் சாரம் இது. மருந்தை மாற்றுவதற்கு இரண்டு காரணம் உண்டு. நோய் மருந்தைத் தாண்டிவிட்டால் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் மருந்து வேலை செய்யும்போது உடம்புதான் கஷ்டப்படுகிறது என்றால், நாலு நாள் நிறுத்திவைக்கலாம், அளவைக் குறைக்கலாம், அப்புறம் அதையே தொடரலாம். இந்த மருந்து உடம்பில் ரொம்ப நேரம் தங்காது, நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வயிறு சரியாகிவிடும். நீங்கள் முதல் மாதமே சொல்லியிருந்தால் எப்போதோ குறைத்துக் கொடுத்திருப்பேன். மறைத்ததால்தான் இதை இழக்கப் பார்த்தீர்கள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மாதா மாதம் தோர்த்துதான். டாக்டர் கேள்வி கேட்பாள், அவர் வாயால் "சாரமில்லை" என்பார், அது ஒரு மரியாதைக்கு. பிறகு தோர்த்தை விரிப்பார், நான் கை விட்டு எண்ணைப் படித்துச் சொல்வேன், அவள் எழுதிக்கொள்வாள். குறைத்த அளவில் அந்த இரண்டாவது மருந்து பதினோரு மாதம் தாங்கியது. அந்தப் பதினோரு மாதம் எங்களுக்குப் புது லீவு. காலைப் படகில் அக்கரைக்குப் போவோம். ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சாயாவும் பழம்பொரியும். ரிசல்ட் வரும்வரை பெஞ்சியில் உட்கார்ந்து போகிற வருகிற ஆளையெல்லாம் பற்றி வம்பளப்போம். திரும்பும்போது படகில் காற்று நன்றாக இருந்தால் அவர் தோர்த்தை மடியில் விரித்து, "சுக்கு என்ன வெலை?" என்பார். நரைத்த தலையோடு நானும் கையை நீட்டுவேன். இப்போது எங்களை யார் பார்த்து என்ன பேசப்போகிறார்கள், தோர்த்தே வேண்டியதில்லை. ஆனாலும் விரித்துக்கொண்டோம்.

பதினோராவது மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். கல்லீரலிலும் ஒன்று வந்திருந்தது. இந்த மருந்தும் முடிந்தது, மூன்றாவதற்குப் போகலாம் என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோர்த்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் பக்கம் நீட்டவில்லை, அவள் பக்கம் நீட்டினார்.

"டாக்டரே, வாயால வேண்டாம். இனி எத்தனை பாக்கி?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தோர்த்துக்கு அடியில் கையை விட்டாள். பதினோரு மாதமாக எங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த வித்தை வந்திருந்தது. எனக்கு அவள் முகமும் அவர் முகமும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவர் தோர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லது" என்றார். படகில் வரும்போது என்ன சொன்னாள் என்று கேட்டேன். என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்துக் காட்டினார். சீட்டில் எழுதிக்கொடுத்திருந்த அந்த மூன்றாவது மாத்திரைதான் பாக்கி, அதற்கப்புறம் இல்லை.

மூன்றாவது மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. காலை சாயா தள்ளிப்போயிற்று, அதற்கு அவர் செய்த ரகளையை எழுதினால் ஒரு புஸ்தகம் ஆகும். முடி இந்தத் தடவை கோடு இல்லாமல் ஒரேயடியாக வெளுத்தது. உள்ளங்கைதான் பாவம், சிவந்து, தடித்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. சட்டைப் பித்தான் போட முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது. காலையும் மாலையும் நான் களிம்பு தடவிவிடுவேன். தோர்த்துக்கு அடியில் அவர் விரலை நான் தொடக்கூடாது, வலிக்கும். அதனால் முறையை மாற்றிக்கொண்டோம். நான் கையை விரித்து வைத்துக்கொண்டால் போதும், அவர் மணிக்கட்டால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். டாக்டர் அதைக் கேட்டு இரண்டு முறை அளவைக் குறைத்தாள். அப்போதும் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருந்தது.

ஏழு மாதம் அந்த மருந்து பிடித்து நிறுத்தியது. பிறகு நிறுத்தவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினாள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், லீவு விட்ட மாதிரி, அஞ்சறைப் பெட்டியைக் கேட்டார். நான் ஒரு மிளகை எடுத்து அவர் வாயில் வைத்தேன். கடித்தார். "வந்துடுத்து" என்றார். அன்றைக்கு மொளகூஷ்யம் செய்தேன், இரண்டு கரண்டி சாப்பிட்டார். முணுமுணுக்க மறந்துவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. முன் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் கீழே உட்கார்ந்து அவர் கைக்குக் களிம்பு தடவி முடித்தேன். விரல் நுனியில் புதுத் தோல் வர ஆரம்பித்திருந்தது, இன்னும் பச்சையாக இருந்தது.

"தோர்த்தை எடு" என்றார்.

வலி எத்தனை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து, விரித்து, வழக்கம்போல என் கையைத் திறந்து வைத்தேன்.

"இன்னிக்கு நான் கேக்கறேன்" என்றார். "நோக்கு எத்தனை?"

நாலு வருஷத்தில் என்னை இதை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சமாளித்துக்கொண்டு, அவர் இரண்டு விரலை மட்டும், வலிக்காத மாதிரி, சும்மா தொட்டேன். இரண்டு.

அவர் கையை எடுக்கவில்லை. தோர்த்தையும் எடுக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

"வாயால சொல்றதை இங்கே சொல்லப்படாது, கேட்டியா" என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் படகில் அவர் கற்றுக்கொடுத்த ஒரே சட்டம். நான் அவர் கை முழுவதையும் பிடித்தேன். ஐந்து. விட்டேன். மறுபடி கை முழுவதையும் பிடித்தேன், இந்தத் தடவை விட முடியவில்லை. உரிந்த விரல்கள், அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் அந்த விரல்களாலேயே என் கையை இறுக்கிப் பிடித்தார்.

எங்கள் மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். இந்த இடம் வரும்போது என்னால் முடியுமா என்று தெரியவில்லை. வாசிக்க முடியாமல் போனாலும் எழுத்திலாவது இருக்கட்டும் என்று முடிவை இப்போதே எழுதிவிடுகிறேன். கச்சவடம் முடிந்தால் தோர்த்து தோளுக்குப் போகவேண்டும். அன்றைக்கு சாயங்காலம் விளக்கு ஏற்றும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளவில்லை.